தசாப்தம்: சொல்லும் கணக்கும்

காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. "போன தசாப்தத்தில் தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படங்களில் எதுப்பா உசத்தி?" என்று மூத்த அண்ணன் ஒருவர் கேள்வியைத் தூக்கிப் போட்டார். படத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்குள் ஒரு தம்பி கேட்டான்: "தசாப்தம்னா இன்னாண்ணா? சகாப்தமா?"

சிரித்துவிட்டோம். ஆனால் பையன் கேட்டதில் பாதி சரி. இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான்: அப்தம். வடமொழியில் அதற்கு ஆண்டு என்று பொருள். தச என்றால் பத்து. தச + அப்தம், தசாப்தம். சகாப்தம் என்பது கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கு. விஜயநகர காலக் கல்வெட்டுகளில் வெறும் தேதிக் குறிப்பாக வந்த சொல், இன்று பெரிய மனிதர்கள் மறைந்தால் இரங்கல் சுவரொட்டியில் ஏறிக்கொள்கிறது. அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் சஷ்டியப்தபூர்த்தி என்று அச்சடிக்கிறோமே, அதன் நடுவிலும் இதே அப்தம். காட்பாடியில் நின்று போகும் மைசூர் சதாப்தியிலும் இருக்கிறது. நேரு பிறந்த நூறாம் ஆண்டை ஒட்டி 1988இல் தொடங்கிய வண்டி வகை என்பதால் அந்தப் பெயர்.

அப்தத்தை இன்னும் பிரித்தால் அப் என்பது நீர், த என்பது தருவது. மேகத்துக்கும் அதுவே பெயர். வருஷமும் இப்படித்தான், வர்ஷம் என்றால் மழை. மழைக்கு மழை ஒரு ஆண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். பாலாற்றில் தண்ணீர் வருவதை வைத்து எண்ணினால் வேலூரில் பலருக்கு இன்னும் ஓட்டுரிமை வந்திருக்காது.

தமிழில் ஆண்டு. பழைய வடிவம் யாண்டு. யாறு ஆறானது போல, யானை பேச்சில் ஆனையானது போல, முன்னால் இருந்த யகரம் உதிர்ந்துவிட்டது. நரை வராத காரணத்தைச் சொல்லும் பிசிராந்தையார் பாட்டு (புறநானூறு 191) 'யாண்டு பலவாக' என்றுதான் தொடங்குகிறது. பழைய வடார்க்காட்டைச் சேர்ந்த செங்கம் பக்கத்து நடுகற்களில் பலவும் பல்லவ அரசன் பெயரையும், அவன் ஆட்சியில் அது எத்தனையாவது ஆண்டு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் செத்த வீரனிடம் வருகின்றன.

சரி, தசாப்தத்துக்குத் தமிழ் என்ன? பத்து + ஆண்டு, பத்தாண்டு. நூற்றாண்டு என்று கூசாமல் சொல்கிற நாம் இதற்கு மட்டும் தயங்க வேண்டியதில்லை. பதிற்றுப்பத்தைப் பார்த்துப் பதிற்றாண்டு என்றும் ஆக்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கும், டீக்கடை கொடுக்காது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் தசாப்தம் சாதாரணமாகப் புழங்குகிறது. இங்கே அது மேடைப் பேச்சுச் சொல்லாகவே நின்றுவிட்டது.

பத்தாண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பத்தாண்டின் சிறந்த படம்' என்றால் எந்தப் பத்து? எண்பதுகள், தொண்ணூறுகள் என்கிற பேச்சு வழக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 1980 முதல் 1989 வரை என்று எல்லை தானாக விழுந்துவிடும். 2010க்குப் பிறகு அந்த வழக்கு உதவாது. 'பத்துகளில் வந்த படம்' என்றால் யாருக்குப் புரியும்? அப்புறம் 2010–2019 என்று எண்ணுவோர் ஒரு கட்சி. பூஜ்ஜியமாம் ஆண்டு என்று ஒன்று இல்லை, ஆகவே 2011–2020 என்போர் மறு கட்சி.

டீக்கடையில் சண்டை முற்றியது இந்த இடத்தில்தான். ஆடுகளம் திரைக்கு வந்தது 2011 பொங்கலுக்கு. ஆனால் தேசிய விருதுக்குப் படம் வெளியான நாள் கணக்கில்லை, தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டுதான் கணக்கு. அதனால் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட அது வாங்கிய விருதெல்லாம் 2010ஆம் ஆண்டுக்கானவை. சூரரைப் போற்று 2020ஆம் ஆண்டின் சிறந்த படம், விருதை அறிவித்தது 2022இல். முதல் கட்சியின் கணக்கில் ஆடுகளம் உள்ளே, சூரரைப் போற்று வெளியே. மறு கட்சியின் கணக்கில் அப்படியே தலைகீழ்.

"முதல் நாளே டிக்கெட் எடுத்து வேலூர்ல பார்த்தவன் நான். எனக்கு அது 2011 படம்தான்" என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். விருதுக் கணக்கையும் வெளியீட்டுக் கணக்கையும் கலந்தால் இரண்டு படமுமே உள்ளே வந்துவிடும், அதுதான் அவருக்கு வேண்டியதும். இப்படி வாதாட உட்காருவதற்கு முன் 'பத்தாண்டு' என்பதோடு இரண்டு எண்களையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது: 2011–2020 பத்தாண்டு, விருது ஆண்டின்படி.

என் ஓட்டு 'விசாரணை' படத்துக்கு. விருது 2015ஆம் ஆண்டுக்கு, திரைக்கு வந்தது 2016இல். யார் எப்படி எண்ணினாலும் அது உள்ளேதான் இருக்கும்.