"நாலு மாசம் இருக்கும் அக்கா"

போன வருடம் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அரச அலுவலகம் ஒன்றில் தமிழ்ப் படிவம் கேட்டதற்கு, வரிசையில் நின்றவர்கள் முன்னால் இனத்தைச் சொல்லி ஏசியிருக்கிறார்கள். எப்போது என்று கேட்டேன். "நாலு மாசம் இருக்கும் அக்கா. திகதி ஞாபகமில்லை."

இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இதைத் தடுக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கொழும்புக்கு அலைய வேண்டாம்.

நவநீதம் பிள்ளை மாதிரி ஐ.நா.வில் வேலை செய்ய என்ன வழி என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர் தென்னாபிரிக்காவின் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். வெள்ளையர் நிறுவனங்கள் வேலை தராததால் 1967இல் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்தார். நீதிபதியின் அறைக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதி இல்லை. ரொபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகள் சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமையை 1973இல் வழக்காடியே பெற்றார். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. நீதிமன்றம், 2008இல் ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் பதவி எல்லாம் அப்புறம் வந்தவை. வழக்கோடு வந்த கட்சிக்காரர் சொன்னதைப் பொறுமையாக எழுதி எடுத்த அந்த ஆண்டுகளைத்தான் நான் அவர்களுக்குச் சொல்வேன்.

இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்க ஜெனீவாவில் ஒரு குழு இருக்கிறது, அதில் 18 நிபுணர்கள். இலங்கை 1982இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அரசு கொடுக்கும் அறிக்கையோடு சிவில் அமைப்புகள் அனுப்பும் இணை அறிக்கைகளையும் அவர்கள் வாசிப்பார்கள். திகதி, இடம், சொன்ன வார்த்தை இல்லாத சம்பவத்தை வைத்து அவர்களால் கேள்வி கேட்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த உடன்படிக்கையில் உள்ள 'வம்சாவளி' என்ற சொல் சாதியையும் குறிக்கும் என்று 2002இல் அதே குழு தெளிவுபடுத்தியது. இங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போன ஓர் இளைஞரிடம் வீட்டுக்காரர் முதலில் ஊரைக் கேட்டார், பிறகு எந்தக் கோயிலடி என்று கேட்டார், அதற்குப் பிறகு வீடு இல்லை என்றார். ஒதுக்கியவரும் தமிழர், ஒதுக்கப்பட்டவரும் தமிழர் என்றால் நாம் அதைப் பாகுபாடு என்று சொல்லவே தயங்குகிறோம். எனக்கு அது மிகவும் வலிக்கிறது.

வீட்டுக்காரர் தனியார் என்பதால் 126 உதவாது. ஆனாலும் அந்த இளைஞரிடம் திகதியோடு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த இணை அறிக்கை தயாராகும்போது அதையும் கொடுப்பேன்.