‘தல்’ என்று சொன்னால் தலையில் குட்டாதீர்கள்

ஓதுகிற குழந்தையின் உச்சரிப்பைத் ‘திருத்தி’க் கெடுத்த கதை, இந்த வருடத்தில் இது நாலாவது. இனிமேலும் எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

பாலக்காட்டில் சமஸ்கிருத உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நம்பூதிரிக் குடும்பம் வந்தது. பையனுக்கு ஒன்பது வயது. திருச்சூர்ப் பக்கம் முத்தச்சனிடம் (தாத்தாவிடம்) ரிக்வேதம் ஓத ஆரம்பித்தவன். ஊர் மாறியதால் ஓத்து, அதாவது வேதம் ஓதுவது, விட்டுப்போகக் கூடாதே என்று ஏதோ ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். முதல் நாளே திருத்தம் ஆரம்பம்.

“மாஷே (ஸாரே), இப்போ இவன் வாயைத் திறக்கவே பயப்படறான்” என்றார் அப்பா.

‘தத் ஸவிதுர்’ என்று தொடங்கும் காயத்ரி மந்திரத்தைச் சொல்லச் சொன்னேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். நாக்கு ‘தல்’ என்று போகிறது, அவன் ‘தத்’ என்று இழுத்துப் பிடிக்கிறான், கடைசியில் இரண்டும் இல்லாமல் ஏதோ வருகிறது.

“மலையாளிக்குத் தகரம் வராது, லகரம் போட்டுக் கெடுக்கிறான்.” இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! பத்து என்று எண்ணத் தெரிந்தவனுக்குத் தகரம் வராதா? சொல்லின் கடைசியில் நிற்கும் ‘த்’, ‘ஸ’ போன்ற மெய்க்கு முன்னால் நிற்கும் ‘த்’, கேரளத்தில் ‘ல்’ ஆகும். நம் வத்சலா அங்கே வல்சலா. உத்ஸவம் உல்சவம். பகவத்கீதை பகவல்கீத. மலையாளத்தில் ‘ல்’லுக்கு எழுதும் சில்லெழுத்தே (உயிர் சேராத மெய்க்கென்று உள்ள தனி எழுத்து) ‘த’ எழுத்திலிருந்து பிறந்ததுதான், அவ்வளவு பழைய வழக்கம். ஓத்திலும் அப்படித்தான் வாய்க்கு வாய் வந்திருக்கிறது. கடவல்லூர் அன்யோன்யம் என்கிற ரிக்வேதப் போட்டியில் திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு வேதபாடசாலைக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, சொற்களை முன்னும் பின்னும் மாற்றிக் கோத்து ஓதும் ஜடையும் ரதமும் சொல்வார்கள். தப்பைப் பிடிப்பதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபை அது. அந்தச் சபை விட்டுவைத்த ‘தல்’லை, மூன்று மாத வகுப்பு நடத்துகிறவர் திருத்துகிறாராம்.

இன்னும் ஒரு கூத்து. ‘அக்னிமீளே’ என்று பையன் சொன்னதையும் “அது மலையாள ள, ஈடே என்று சொல்லு” என்று மாற்றியிருக்கிறார். ரிக்வேதத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ‘ட’ (மூன்றாவது ட) ‘ள’ ஆகும். தஞ்சாவூர் ரிக்வேதியும் ‘ஈளே’ என்றுதான் சொல்வார். யஜுர்வேதக்காரர் தன் சாகையை (வேதத்தை ஓதும் கிளை மரபை) வைத்து அடுத்தவன் சாகையை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

அதற்காக மலையாளி சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கங்கா ‘கெங்கா’ ஆவதும், பலம் ‘பெலம்’ ஆவதும், ரக்ஷா ‘ரெக்ஷா’ ஆவதும் வீட்டுப் பேச்சின் வாசம். என் வகுப்பில் அதை விடமாட்டேன். நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? ‘க’வுக்கு மேலே 2, 3, 4 என்று எண் போட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தாலும் நாலையும் ஒரே ‘க’வாகச் சொல்கிறோம். ப்ரஹ்மா நம் வாயில் ப்ரம்மா. குருமுகமாக வந்தது வேறு, வீட்டுப் பேச்சு ஒட்டிக்கொண்டது வேறு. வெளியிலிருந்து கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும், தொல்லையே அதுதான். “1975 பாஞ்ஞாள் அதிராத்ரம் கேட்டதில்லையா, நாங்கள் சொல்வதுதான் சுத்தம்” என்று, கேரளத்து நம்பூதிரிகள் நடத்திய அந்தப் பெரிய வேள்வியைச் சொல்லிக்கொண்டு வருகிற கேரளத்துக்காரர்களோடும் எனக்கு இதே சண்டை உண்டு.

தலையாட்டுவதையும் நிறுத்தச் சொன்னார்களாம். பாணினீய சிக்ஷை என்ற பழைய உச்சரிப்பு நூலில் மட்டமாக ஓதுகிறவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, தலையாட்டுகிறவன் அதில் இருப்பது உண்மை. ஆனால் நம்பூதிரி ஆசான் பையனின் தலையைக் கையால் பிடித்துத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் பக்கவாட்டில் திருப்பியும்தான் ஸ்வரம் ஏற்றுகிறார். அது பாடம், ஆட்டம் இல்லை. அதே பட்டியலில் எழுதி வைத்துப் படிக்கிறவனும் இருக்கிறான் என்பதை பிடிஎஃப் அனுப்பி வேதம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் பார்க்கட்டும்.

பெற்றோருக்கு: சேர்ப்பதற்கு முன்னால் எந்த வேதம், எந்த சாகை, யாரிடம் சந்தை சொன்னவர் (குரு சொல்லத் திருப்பிச் சொல்லிக் கற்றவர்) என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் சேர்க்கவே வேண்டாம். பாதியில் பாணி மாற்றாதீர்கள். யூடியூபில் கேட்டதை வைத்து நீங்களே திருத்தாதீர்கள், தயவுசெய்து. ஆசிரியர்களுக்கு: குழந்தை புதிதாக ஒன்றைச் சொன்னால் “யார்கிட்ட கத்துண்டே?” என்று முதலில் கேளுங்கள்.

இந்தப் பையனுக்கு இப்போதைக்கு என் வகுப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முத்தச்சனோடு தினமும் காலையில் போனில் அரை மணி நேரம், பழைய பாடம் மட்டும். நேற்று அப்பா ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ‘தல்’ வருகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், அது இன்னும் போகவில்லை.