டிஃபென்ஸ்மேன்: தமிழில் என்ன பெயர்?

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். கோல்கீப்பர் ஒருவர், முன்கள ஆட்டக்காரர்கள் மூவர், மீதி இருவர் டிஃபென்ஸ்மேன். தமிழில் எழுதும்போது இவரைத் 'தடுப்பாட்டக்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் பாபி ஓர் என்ற புகழ்பெற்ற டிஃபென்ஸ்மேனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் இரண்டாவது வரியிலேயே இடிக்கும்.

முதலில் வேர். லத்தீனில் 'டெஃபெண்டெரே' என்றால் அடித்து விலக்குதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டிஃபென்ஸ் ஆயிற்று. இதற்கு எதிரான அஃபென்ஸும் அதே 'ஃபெண்டெரே' வேரில் பிறந்ததுதான். வேலியைக் குறிக்கும் ஃபென்ஸ், டிஃபென்ஸின் முன்பகுதி தேய்ந்து மிஞ்சிய சொல். ஆக, சொல்லின்படி பார்த்தால் இவர் வேலியாக நிற்பவர், வருவதை அடித்து விரட்டுபவர்.

ஆட்டம் தொடங்கிய காலத்தில் இந்தப் பெயரே இல்லை. உள்ளரங்கில் ஒழுங்காக நடந்த முதல் ஆட்டமாகக் கருதப்படுவது 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலில் நடந்தது. பிறகு அணிக்கு ஏழு பேர் என்று ஆனபோது, கோல்கீப்பருக்கு முன்னால் நின்றவர் 'பாயின்ட்', அவருக்கும் முன்னால் நின்றவர் 'கவர்-பாயின்ட்'. இரண்டுமே, வலை கட்டிய கோலால் பந்தை ஆடும் லக்ராஸ் ஆட்டத்தில் வழங்கிய பெயர்கள். ஒருவர் பின் ஒருவராக நின்ற இந்த இருவரும் காலப்போக்கில் பக்கத்துக்கு ஒருவராகப் பிரிந்து நின்றார்கள். அப்புறம் இருவருக்கும் பொதுவாக டிஃபென்ஸ் என்ற பெயரே நிலைத்தது.

பாயின்ட் என்ற சொல் மட்டும் சாகவில்லை. அன்று சொந்தக் கோலுக்கு முன்னால் இருந்த இடத்தின் பெயர், இன்று எதிரணியின் பகுதிக்கு எல்லையான நீலக்கோட்டை ஒட்டிய இடத்துக்கு வழங்குகிறது. தன் அணி தாக்கும்போது டிஃபென்ஸ்மேன் நிற்பது அங்கேதான். பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு, அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் தாக்கும் அணியினர் எல்லோரும் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பது இவர் வேலை.

இப்போது பாபி ஓர். 1948இல் ஒண்டாரியோவின் பாரி சவுண்டில் பிறந்தவர், 18 வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தார். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை 1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டும் அவருக்கே. அதே மனிதர் 1970லும் 1975லும் வட அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.எச்.எல்.லிலேயே அதிகப் புள்ளிகள் (கோல்களும், கோலுக்குத் தந்த உதவிகளும்) எடுத்தார். வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் இதைச் செய்ததில்லை. 1970 மே 10 அன்று என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்று தந்த கோலைப் பாருங்கள். கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடி. பக் எதிரணியின் பகுதியைவிட்டு வெளியே போகாமல் ஓரத்தில் மறித்தார், டெரெக் சாண்டர்சனிடம் தள்ளினார், கோலை நோக்கிப் பாய்ந்தார், திரும்பி வந்த பக்கை உள்ளே அடித்தார். அந்தக் கணமே கால் தடுக்கிவிடப்பட்டு, கைகளை விரித்தபடி காற்றில் பறந்தார். இந்தச் சில விநாடிகளில் தடுப்பு எது, தாக்குதல் எது என்று யாரால் பிரிக்க முடியும்? முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்! அறுவை மேல் அறுவை செய்தும் பயனில்லாமல் 30 வயதில் ஆட்டத்தை விட்டார். என்ன இழப்பு அது.

இன்னொரு பக்கம் சுவீடனின் நிக்லஸ் லீட்ஸ்ட்ரோம். 1991 முதல் 2012 வரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு மட்டுமே ஆடி 1564 ஆட்டங்கள், ஏழு நாரிஸ் கோப்பைகள். இவர் மோதி விழுத்துவதை நம்பியவர் அல்லர். சரியான இடத்தில் முன்கூட்டியே நின்று, ஹாக்கி மட்டையின் நுனியால் பக்கைப் பறித்து, முதல் பாஸைச் சுத்தமாகக் கொடுப்பார். எதிரி கவர்ந்த ஆநிரையை மீட்டுவருவதை நம் இலக்கணம் கரந்தை என்கிறது. லீட்ஸ்ட்ரோம் செய்தது கிட்டத்தட்ட அதுதான். இவருடைய மொழியான சுவீடிய மொழியில் டிஃபென்ஸ்மேனுக்குப் பெயர் 'பேக்'. நம் ஊர்க் கால்பந்து மைதானத்தில் பையன்கள் சொல்கிறார்களே, அதே பேக்.

அதனால் என் தேர்வு 'பின்கள ஆட்டக்காரர்'. காவலர் என்றால் போலீஸ் நினைவுக்கு வரும், காப்பாளர் என்றால் கோல்கீப்பரோடு குழம்பும். தடுப்பாட்டம் என்பதைக் கிரிக்கெட்டில் மட்டையால் பந்தை மறிப்பதற்கு ஏற்கெனவே வைத்திருக்கிறோம். பின்களம் என்பது இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலைக்கு எல்லை போடவில்லை. எதிரணியின் நீலக்கோட்டில் நின்றாலும் தன் அணியினர் ஐவரில் பெரும்பாலும் பின்னால் நிற்பவர் அவர்தானே. ஆங்கிலச் சொல்லின் 'மேன்' பெண்கள் ஆட்டத்தில் உறுத்துகிறது; நம் 'ஆட்டக்காரர்' இருபாலாருக்கும் பொது. தடுப்பாட்டத்தை அவர் செய்யும் வேலைகளில் ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்: 'பின்கள ஆட்டக்காரரின் தடுப்பாட்டம் இன்று அபாரம்' என்று.