ரீச்சர் போய்விட்டார், பேச்சு மட்டும் நிற்கிறது

கிளிநொச்சிச் சந்தையில் ஒரு தாய் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிள்ளைய அந்தப் பள்ளியிலயே விடுங்கோ அக்கா. தரம் 2 ரீச்சர் தங்கமான பிள்ளை. என்ர மகன் அவவாலதான் வாசிக்கத் துவங்கினவன்." அந்த ரீச்சர் அந்தத் தனியார் பள்ளியை விட்டுப் போய் ஆறு மாதம் என்பது எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று யோசித்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டேன்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வன்னி முழுக்க அலைகிறவன் நான். பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் கேட்பது பள்ளி வான் வருமா, இங்கிலீசு படிப்பிப்பார்களா என்பதுதான். இன்னொருவருக்குச் சொல்லும்போது மட்டும் ரீச்சரின் பெயர்தான் வாயில் வருகிறது. 1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாட்டில், நெல் விற்ற காசில் பீஸ் கட்டுகிறவர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். மாங்குளம் பக்கத் தாய் ஒருவர் சொன்னார்: "எனக்கு இங்கிலீசு தெரியாது சேர். கொப்பியில சிவப்புப் பேனை பட்டிருக்கா எண்டு பார்ப்பன்." நல்ல கண்தான். ஆனால் பிழையான கணக்குக்கும் சரி போட்ட கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், நல்ல ரீச்சர் நிலைப்பதில்லை. சம்பளம் குறைவு. படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் பலர். கடிதம் வந்தால் தவணை நடுவிலும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் படம் போட்ட விளம்பரப் பனருக்குச் செலவழிக்கும் நிர்வாகம் அந்தக் காசைச் சம்பளத்தில் போட்டிருக்கலாம். இப்படியான தனியார் பள்ளிகளில் சர்வதேசப் பாடசாலைகள் என்று இயங்குபவை பொதுவாகக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரச பள்ளிக்குப் போவதுபோல வலயக் கல்வி அலுவலகத்து ஆலோசகர் அங்கே வகுப்புப் பார்க்கப் போவதில்லை. அதனால் சந்தையில் ஒரு தாய் சொல்லும் சொல்தான் அங்கே மேற்பார்வை. அந்தச் சொல்லோ போன வருடத்துச் சொல்.

பள்ளியைப் பற்றி நல்லதாகக் கேள்விப்பட்டால், எந்த ரீச்சரை வைத்துச் சொல்கிறார்கள், அவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். தவணை நடுவில் போய் இரண்டு மூன்று கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதையும் கணக்கில் எடுங்கள். அப்புறம், பனரில் படம் வந்த பிள்ளையின் தாயைத் தேடிப் போகாதீர்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையின் தாயிடம் கேளுங்கள். வகுப்பில் அந்தப் பிள்ளையை ரீச்சர் எங்கே இருத்துகிறார் என்பது அவவுக்குத்தான் தெரியும்.