நாற்பது நிமிடத்தில் எதை விடுவது? கேட் தேர்வின் பகுதிகளும் நேரக் கணக்கும்

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் முதுகலைப் படிப்பில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வில் 2024ஆம் ஆண்டு 68 வினாக்கள் கேட்கப்பட்டன. மொத்த மதிப்பெண் 204. அதில் பாதியை ஒட்டிய மதிப்பெண் எடுத்தவர்களே 99 பெர்சென்டைலைத் தொட்டுவிட்டார்கள். பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஆனால் பள்ளிப் பொதுத்தேர்விலும் பொறியியல் கல்லூரியின் செமஸ்டர் தேர்விலும் ஒரு வினாவையும் விடாமல் எழுதிப் பழகிய மாணவர்களுக்கு, பாதித் தாளைத் தொடாமல் விட்டுவிட்டும் நல்ல இடத்தைப் பிடிக்கலாம் என்பது எளிதில் மனத்தில் இறங்குவதில்லை. பெர்சென்டைல் என்பது நாம் எடுத்த மதிப்பெண் விழுக்காடு அன்று. நம்மோடு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண் அது. தாள் கடினமாக இருந்தால் அது எல்லோருக்கும்தான் கடினம்.

சீனியர்கள் தரும் நேர ஆலோசனைகளைக் கேட்பதற்கு முன், அவர்கள் எந்த ஆண்டு எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2015 முதல் 2019 வரை இது மூன்று மணி நேரத் தேர்வு. 100 வினாக்கள், பகுதிக்கு ஒரு மணி நேரம். கொரோனா காலமான 2020இல் தேர்வு இரண்டு மணி நேரமாகச் சுருங்கி, வினாக்கள் 76 ஆயின. மறு ஆண்டு 66 ஆகக் குறைந்து, 2024இல் 68 ஆனது. இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், அடுத்து டி.ஐ.எல்.ஆர். எனப்படும் தரவு விளக்கமும் தர்க்கமும், கடைசியாகக் குவான்ட் எனப்படும் கணிதம் என்ற வரிசையை நாம் மாற்ற முடியாது. ஒரு பகுதியை முன்னதாக முடித்தாலும் மிச்ச நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரே திட்டம் போடுவதில் பொருளில்லை. தனித்தனியாக மூன்று நாற்பது நிமிடத் தேர்வுகளை எழுதப்போகிறோம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் பகுதியில்தான். 24 வினாக்களில் 16 வினாக்கள் நான்கு வாசிப்புப் பத்திகளிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு பத்தியும் ஏறத்தாழ 500 சொற்கள் இருக்கும். மானுடவியல், தத்துவம், சூழலியல், பொருளாதாரம் என எதைப் பற்றியும் இருக்கலாம். பத்திக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் 32 நிமிடம் போக, மீதமுள்ள எட்டு வினாக்களுக்கு எட்டு நிமிடம் கிடைக்கும். காகிதத்தில் இந்தக் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாக் எனப்படும் மாதிரித் தேர்வு முடிந்து வினாவாரியாக நேரத்தை எடுத்துப் பார்த்தால், வாக்கியங்களை வரிசைப்படுத்தும் ஒரே வினாவில் நான்கு நிமிடம் போயிருக்கும். கடைசிப் பத்தியைத் திறக்கவே நேரம் இருந்திருக்காது. வேகமாக வாசிக்கத் தெரியாதவர்கள் மூன்று பத்திகளை நிதானமாக வாசித்து, நான்காவதைத் துணிந்து விட்டுவிடலாம். அரைகுறையாக வாசித்த நான்கு பத்திகளைவிட அது கூடுதல் மதிப்பெண் தருவதை வகுப்பில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் இந்தப் பகுதியில் பெரிய பயன் இல்லை. தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை வாசித்து, ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்பதை இரண்டு வரியில் எழுதிப் பார்ப்பதால்தான் பயன் உண்டு.

டி.ஐ.எல்.ஆர். பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2024இல் 22 வினாக்கள் ஐந்து செட்டுகளாக, அதாவது ஒரே தரவை ஒட்டிய வினாத் தொகுப்புகளாக, வந்தன. 2022, 2023 ஆண்டுகளில் ஐந்தைந்து வினாக்கள் கொண்ட நான்கு செட்டுகள். இங்கே விடவேண்டியது தனி வினாவை அன்று, முழு செட்டை. தவறான செட்டில் இறங்கி, பதினைந்து நிமிடம் கட்டம் போட்டு அழித்து, இவ்வளவு நேரம் செலவழித்துவிட்டோமே என்ற ஆற்றாமையில் மேலும் ஐந்து நிமிடம் அதிலேயே உட்கார்ந்துவிடுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கணிதத்தில் கெட்டிக்காரர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். தம்மால் முடியாது என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்குத்தான் மனம் வருவதில்லை.

முதல் நான்கைந்து நிமிடங்களில் எழுதுகோலைத் தொடாமல் எல்லா செட்டுகளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். படிக்கும்போது பிடி கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எடுத்துக்காட்டாக, ஆறு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் ஒருமுறை ஆடுகிறது, வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு ஆளுக்கு 1 புள்ளி, எல்லா அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 41 என்று ஒரு செட் இருப்பதாகக் கொள்வோம். மொத்த ஆட்டங்கள் 15. எல்லாவற்றிலும் வெற்றி தோல்வி ஏற்பட்டிருந்தால் கூட்டுத்தொகை 45 ஆகியிருக்கும். ஒவ்வொரு சமனும் அதில் ஒரு புள்ளியைக் குறைக்கும். ஆகவே சமனில் முடிந்தவை நான்கு ஆட்டங்கள். அரை நிமிடத்தில் இப்படி ஓர் உறுதியான எண் கையில் கிடைத்தால் அந்த செட்டை எடுக்கலாம். மாறாக, நிபந்தனைகள் எல்லாமே ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’ என்று தொங்கலாக நின்று, நிலையான ஓர் எண்ணும் கிடைக்காவிட்டால் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஐந்தில் இரண்டு செட்டுகளை முழுதாக முடித்து, மூன்றாவதில் எளிய வினாக்களை எடுத்தாலே நல்ல நிலைதான். 2017இல் இந்தப் பகுதி மிகக் கடினமாக வந்ததை இன்றும் பேசுவார்கள். அந்த ஆண்டு ஒரு மணி நேரத்தில் மூன்று செட்டுகளை முடித்தவர்களே முன்வரிசையில் இருந்தார்கள்.

குவான்ட் பகுதியில் 22 வினாக்கள், சராசரியாக வினாவுக்கு 109 நொடி. எண்கணிதமும் இயற்கணிதமும்தான் பெரும்பங்கு. முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிபவற்றை மட்டும் போட்டுக்கொண்டு கடைசி வினா வரை போய்விட வேண்டும். எளிய வினாக்கள் இருபதாவது இடத்திலும் ஒளிந்திருக்கும். திரையில் கால்குலேட்டர் உண்டு என்றாலும் மவுசால் ஒவ்வோர் எண்ணாக அழுத்துவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும்.

ஊகித்து விடையளிப்பது பற்றிப் பல தவறான கருத்துகள் உலவுகின்றன. சரியான விடைக்கு 3, கொள்குறி வினாவில் தவறான விடைக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால் சராசரி வரவு பூச்சியம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வரவு. இரண்டை நீக்க முடிந்தும் விடையளிக்காமல் வருவது வீண் அச்சம். விடையைத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்கு நெகட்டிவ் மதிப்பெண்ணே கிடையாது. அவற்றில் ஒன்றைக்கூட வெறுமையாக விடக்கூடாது. விடையைக் குறித்ததும் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் பக்கவாட்டிலுள்ள வினா எண்ணுக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது என்பதையும் மாக் தேர்விலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு பகுதியில் அள்ளி இன்னொன்றில் கோட்டைவிட்டதை ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை இந்தத் தேர்வில் பலிக்காது. ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பெர்சென்டைலோடு பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச கட்-ஆஃப் வைக்கின்றன. குவான்ட்டில் 99க்கு மேல் வாங்கியும் ஆங்கிலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டாததால் நேர்முகத் தேர்வு அழைப்பு வராமல் போனவர்கள் உண்டு. ஆகையால் பலவீனமான பகுதியை முதலில் கட்-ஆஃபுக்கு மேலே தூக்கி நிறுத்துவதுதான் ஜூன், ஜூலை மாதங்களின் வேலை.

இதே உத்தியை மற்றத் தேர்வுகளில் அப்படியே பயன்படுத்தக் கூடாது. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் நடத்தும் எக்ஸாட் தேர்வில் எட்டு வினாக்களுக்கு மேல் விடையளிக்காமல் விட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 0.10 மதிப்பெண் குறையும். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்விலோ இரண்டு மணி நேரத்தில் 100 வினாக்கள்; அங்கே தேர்ந்தெடுப்பதைவிட வேகமே முக்கியம்.

கேட் தேர்வு நவம்பர் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலை, நண்பகல், மாலை என மூன்று ஷிப்டுகளாக நடக்கிறது. ஷிப்டுகளுக்கிடையே கடினத்தன்மை மாறுபட்டால் அதைச் சமன்செய்த பிறகே மதிப்பெண் வெளியாகும் என்பதால், எந்த ஷிப்ட் எளிது என்ற ஆராய்ச்சி தேவையில்லை. ஹால் டிக்கெட் வந்தவுடன் நம் ஷிப்ட் தெரிந்துவிடும். அதன் பிறகு எழுதும் எல்லா மாக் தேர்வுகளையும் அதே நேரத்தில்தான் எழுத வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மாக் எழுதியே பழகிவிட்டு, காலை எட்டரை மணித் தேர்வில் முதல் பத்தியைப் படித்தும் மனத்தில் ஒன்றும் பதியவில்லை என்று சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.