‘வர்க்கமற்ற எண்’ எந்த எண்?

‘ஸ்கொயர்-ஃப்ரீ’ எண்ணை ‘வர்க்கமற்ற எண்’ என்று எழுதும் வழக்கம் ஓயமாட்டேன் என்கிறது. வர்க்கமற்ற சமுதாயம் கேள்விப்பட்டதுதான். வர்க்கமற்ற எண் எது? 7க்கு வர்க்கம் 49; வர்க்கம் இல்லாத எண்ணே கிடையாது. ‘சதுரமற்ற எண்’ என்று மாற்றினாலும் கோளாறு அப்படியே இருக்கிறது.

பொருள் எளிது. 1ஐத் தவிர வேறெந்த வர்க்க எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண். பகாக் காரணிகளாகப் பிரித்தால் எந்தப் பகா எண்ணும் இருமுறை வராது. 30 = 2×3×5 தேறும்; 12 = 2×2×3 தேறாது. ஜெர்மனில் ‘குவாட்ராட்ஃப்ரை’, சதுரத்தோடு ‘இல்லாத’ என்ற ஒட்டு. சர்க்கரையற்ற பானம் என்றால் உள்ளே சர்க்கரை சேரவில்லை என்று புரிகிறது. எண்ணுக்குள் சேர்ந்திருப்பவை காரணிகள். அந்தக் காரணி என்ற எண்ணத்தையே மொழிபெயர்ப்பு விழுங்கிவிட்டது.

விளைவு என்ன? ‘சதுரமற்ற’ என்று படிப்பவர் ‘வர்க்க எண் அல்லாத’ என்றே கொள்வார். 12 வர்க்க எண் அல்ல, ஆகவே சேர்த்துக்கொள்வார், தவறு. 1 வர்க்க எண், ஆகவே தள்ளிவிடுவார், அதுவும் தவறு. 1 முதல் 100 வரை வர்க்க எண்கள் 10. அவர் கணக்கில் மிஞ்சுவது 90. உண்மையில் இருப்பவை 61. மேலே போகப் போக இந்த விகிதம் 6/π², அதாவது ஏறத்தாழ 60.79 விழுக்காட்டை நெருங்கும்.

பெரிய எண்ணில் பிசகு இன்னும் பளிச்சென்று தெரியும். 1000² = 1000000, 1001² = 1002001. இடையிலுள்ள 1000001, 1000004 இரண்டுமே வர்க்க எண்கள் அல்ல. ஆனால் 1000004ஐ 4 வகுக்கிறது, அது போயிற்று. 1000001ஐ 100க்குட்பட்ட 25 பகா எண்களாலும் வகுத்துப் பாருங்கள், எதுவும் வகுக்காது. அடுத்த பகா எண் 101; அதன் கனம் (101×101×101) 1030301, நம் எண்ணைவிடப் பெரியது. ஆகவே இதில் இரண்டு பகாக் காரணிகளுக்கு மேல் இருக்க இடமில்லை. அவை இரண்டும் ஒன்றே என்றால் எண் வர்க்கமாக இருந்திருக்கும், அதுவும் இல்லை. காரணிகளைக் கண்டுபிடிக்காமலே தீர்ப்பு வந்துவிட்டது. (காரணிகள் 101, 9901.) வர்க்கமூலத்தின் அளவான 1000 வரை வகுத்துக்கொண்டே போவது வீண்வேலை, கனமூலத்தோடு நிறுத்தலாம்.

‘வர்க்கம்’ வடசொல், ஆகவே ‘இருபடியற்ற எண்’ என்போம் என்று ஒரு கட்சி. நோய் ‘வர்க்கம்’ என்ற சொல்லில் இல்லை, ‘அற்ற’ என்பதில் இருக்கிறது. போதாக்குறைக்கு இருபடி ஏற்கெனவே சமன்பாட்டுக்குப் போய்விட்டது. ‘வர்க்கக் காரணியற்ற எண்’ பரவாயில்லை. ஆனால் 1உம் வர்க்கக் காரணிதானே என்று கேட்பவருக்கு வரையறையைத்தான் காட்ட வேண்டும். என் தேர்வு ‘வர்க்கத்தால் வகுபடா எண்’. 1 விஷயத்தில் இதற்கும் அந்த வரையறை வேண்டும்தான்; ஆனால் சோதனை முறை பெயரிலேயே இருக்கிறது, ‘பகா எண்’ போலவே ஒலிக்கவும் செய்கிறது. அடுத்த படிக்கும் இது நீளும்: 12 கனத்தால் வகுபடா எண், 24 அப்படியல்ல, 8 வகுத்துவிடும். ‘கனமற்ற எண்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், எடையில்லாத எண் என்று ஆகிவிடும்.