மண்டபம் ரோட்டில் ஹைபிரிட் கார் கட்டுபடியாகுமா?

பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் தினமும் ஓட்டுகிற ரோட்டைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை மின்சாரமாக்கிச் சேர்த்து, வண்டி கிளம்பும்போது மோட்டாருக்குக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். மதுரை, சென்னை நெரிசலில் அது நன்றாகப் பலன் தரும். உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை 80-ல் சீராகப் போகிறவருக்கு பிரேக்குக்கே வேலையில்லை. பெரும்பாலும் இஞ்சின்தான் இழுக்கும்.

கணக்குப் போட்டுவிடுவோம். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்வர 75 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,875 கி.மீ. சாதா பெட்ரோல் கார் லிட்டருக்கு 18, ஹைபிரிட் 22 கொடுப்பதாக வைத்தால் மாதம் மிச்சம் 19 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,900 ரூபாய். விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால் அது திரும்பிவர 13 வருடம் ஆகும். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தரும் வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ.; இந்த ஓட்டத்துக்கு ஏழு வருடத்திலேயே முடிந்துவிடும். இந்த ரோட்டுக்கு மட்டும் என்றால் எங்கள் யோசனை, வேண்டாம் என்பதே. டவுனுக்குள்ளேயே நாள் முழுக்கச் சுற்றுகிறவர் தன் கி.மீ.யை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 'மைல்டு ஹைபிரிட்' என்பதும் வேறு; இஞ்சின் அணைந்திருக்க மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்தாது.

வாங்கியே தீருவது என்றால் உப்புக் காற்றை மறக்காதீர்கள். முதலில் அடி வாங்குவது பிரேக். மெதுவாக மிதிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்தித் தேய்ப்பதில்லை. இரவில் படிந்த செந்துரு அப்படியே தங்கும். சக்கர இடைவெளியில் எட்டிப் பாருங்கள்: டிஸ்க் முகம் பளபளவென்று இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் துரு இருந்தால் பரவாயில்லை. முகத்திலேயே வரிவரியாகத் துரு இருந்தால் கேலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) 'பின்' இறுகியிருக்கலாம். பேட் ஒரு பக்கமாகத் தேயும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத இடத்தில் 60-லிருந்து 20 வரை நாலைந்து தடவை அழுத்திப் பிடியுங்கள். வருடம் ஒருமுறை பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் உப்பை மறுபடி பூசுவதுதான். ஆரஞ்சு நிற வயர் உள்ள பக்கம் பிரஷர் பைப்பைக் காட்டவே கூடாது. அதில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஓடுகிறது.

பல மாடல்களில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துளை பின்சீட்டு அருகே இருக்கும். பையோ சாக்கோ அடைத்தாலும், மணல் ஃபில்டரில் சேர்ந்தாலும் பேட்டரி சூடாகி மைலேஜ் இறங்கும்.

தனுஷ்கோடி பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். மோட்டார் சுற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவும் கூடாது, உள்ளே மின்சாரம் உண்டாகும். வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் லாரியை வரவழையுங்கள்.

கீழக்கரையில் காரை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க: பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி விழிக்காது. வீட்டில் இருப்பவர் வாரம் ஒருமுறை பிரேக்கை மிதித்துக்கொண்டே பட்டனை அழுத்தி, 'ரெடி' என்று எரிய, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் விட வேண்டும். பிரேக் மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினால் சார்ஜ் ஏறாது; இருப்பதும் இறங்கும்.